டீன் ஏஜ் பெண்களுக்கு எச்.ஐ.வி பற்றி எவ்வளவு தெரியும்? எப்படி அளக்கிறார்கள்?

'எச்.ஐ.வி பத்தி கேள்விப்பட்டிருக்கீங்களா?' 'ஆமா' என்ற பதில் மட்டும் போதாது. இந்தியாவின் தேசிய குடும்ப நல ஆய்வு, 15 வயது முதலான பெண்களிடம் 5 விஷயங்களைச் சோதிக்கிறது.

* உறவின்போது எப்போதும் ஆணுறை பயன்படுத்தினால் ஆபத்து குறையும்.
* தொற்றில்லாத ஒரே துணையோடு இருந்தாலும் குறையும்.
* ஆரோக்கியமாகத் தெரிபவருக்கும் எச்.ஐ.வி இருக்கலாம்.
* கொசு கடிச்சா பரவாது.
* உணவைப் பகிர்ந்து சாப்பிட்டா பரவாது.

ஐந்தும் தெரிந்தால்தான் 'முழுமையான அறிவு' எனக் கணக்கு; ஒன்று தவறினாலும் சேராது. 2019-21 ஆய்வில் 15-49 வயதுப் பெண்களில் தேறியவர்கள் 21.6% மட்டுமே.

கடைசி இரண்டும் ஏன் முக்கியம்? ஆணுறை பற்றித் தெரிந்த மாணவிகூட, 'சேர்ந்து சாப்பிட்டா ஒட்டிக்கும்' என்று நம்பினால், தொற்றுள்ள தோழியை ஒதுக்கிவிடுவார்.