பூட்டிய எழுத்தும் அமானிதமான திறவுகோலும்



மேல்மலையனூர் வட்டாரத்தில் நாம் நன்கறிந்த சிறிய ஜமாஅத் ஒன்றின் செயலாளர் சென்ற ஆண்டு வஃபாத்தானார். ஆறு ஆண்டுகளின் நிக்காஹ் பதிவுகளும் வக்ஃப் கடைகளின் வாடகைக் கணக்கும் அவருடைய மடிக்கணினியில் மட்டுமே இருந்தன. அந்தக் கணினி பழுதாகிவிடவே, செஞ்சியில் ஒரு தொழில்நுட்பர் அதன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்தார். திரையோ 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியைக் கேட்டது. மகளின் பாஸ்போர்ட்டுக்காக நிக்காஹ் சான்று வேண்டி ஒரு தகப்பனார் காத்திருந்தார். “ஹஜ்ரத், உங்கள் கிதாபுகளில் இதற்கு வழி ஏதும் உண்டா?” என்று முத்தவல்லி எம்மிடம் பாதி வேடிக்கையாகக் கேட்டார்.

வேடிக்கையாகக் கேட்டாலும் அது சரியான கேள்வியே. பூட்டப்பட்ட எழுத்தைத் திறக்கும் கலையை நூலாக எழுதி வைத்தவர்கள் நம் முன்னோர்கள்தாம்.

அரபு யாப்பிலக்கணத்தை வகுத்தவரும் ஸீபவைஹியின் ஆசிரியருமான பஸராவின் கலீல் இப்னு அஹ்மத் (ரஹ்) அவர்களை மத்ரஸா மாணவர் எவரும் அறிவர். ரோம மன்னரிடமிருந்து கிரேக்க மொழியில் மறைவாக எழுதப்பட்டு வந்த மடல் ஒன்றை அவர் ஒரு மாதம் ஆராய்ந்து விடுவித்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். மடல் இறைவனின் பெயரால்தான் தொடங்கியிருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். அந்த முதற்சொற்களின் எழுத்துக்கள் பிடிபட்டதும், அவற்றைக் கொண்டு மற்றவற்றையும் கண்டுகொண்டார்.

அவருக்குப் பின், ஒன்பதாம் நூற்றாண்டில், பாக்தாதின் அல்கிந்தி இதனை முறையான கலையாக்கினார். ‘ரிஸாலா ஃபீ இஸ்திக்ராஜில் முஅம்மா’ என்னும் அவருடைய சுவடி இஸ்தான்புல்லின் சுலைமானிய்யா நூலகத்தில் கிடைத்து, 1987இல் டமாஸ்கஸில் அச்சேறியது. எந்த மொழியிலும் சில எழுத்துக்கள் மிகுதியாகவும் சில அரிதாகவும் வரும் என்பதே அவர் கண்ட உண்மை. அரபு உரை ஒன்றில் 3,667 எழுத்துக்களை அவர் எண்ணினார். அலிஃப் 600 முறையும் லாம் 437 முறையும் வந்திருந்தன. மறைமொழியில் எந்தக் குறி மிகுதியாக வருகிறதோ அதனை அலிஃப் என்று முதலில் கொண்டு பார். அடுத்ததை லாம் என்று கொள். சாவி இல்லாமலேயே கதவு திறக்கும். (நம் பாட்டிமார் விட்டுச்சென்ற அரபுத்தமிழ் ஏடுகள் இன்று பல வீடுகளில் பூட்டிய எழுத்தாகவே கிடக்கின்றன. அவற்றைத் திறக்க அல்கிந்தி தேவையில்லை, அலிஃப் பே தெரிந்தால் போதும்.)

இந்தக் கலை இன்றைய ஹார்டு டிஸ்க்கின்முன் ஏன் நின்றுவிடுகிறது? கணினியைத் தொடங்கும்போது கேட்கப்படும் கடவுச்சொல் மட்டும் இருந்தால், அது வாயிற்காவலனைப் போன்றது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தினால், காவலன் வாசலில் நிற்க, நாம் பின்வழியாக உள்ளே சென்றுவிடலாம். ஆனால் பிட்லாக்கர் போன்ற ஏற்பாடுகள் எழுத்தையே உருமாற்றி எழுதுகின்றன. அவற்றின் அடிப்படையான ஏஇஎஸ் முறை, பெல்ஜிய நாட்டவர் இருவர் வகுத்து, 2001இல் அமெரிக்க அரசின் தரமாக ஏற்கப்பட்டது. அது எழுத்துக்களைத் திரும்பத் திரும்பக் கலைத்துக் கலப்பதால், அலிஃப் மிகுதி, லாம் அடுத்தது என்னும் சுவடே எஞ்சுவதில்லை. பிஸ்மில்லாஹ்வில் தொடங்குகிறது என்று நாம் அறிந்திருந்தாலும் பயனில்லை.

எஞ்சிய வழி முற்றுகைதான், அதாவது சாவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது. நமக்கு அண்மையிலுள்ள செஞ்சிக் கோட்டையை முகலாயத் தளபதி சுல்ஃபிகார் கான் 1690இல் முற்றுகையிட்டார்; 1698இல்தான் அது வீழ்ந்தது. எட்டாண்டுப் பொறுமை கோட்டையை வென்றது. ஏஇஎஸ்ஸின் மிகச் சிறிய சாவிக்கே உள்ள வாய்ப்புகளின் எண்ணிக்கையோ 39 இலக்கங்கள் கொண்டது. பிரேசிலில் 2008ஆம் ஆண்டு ஒரு வங்கியாளரின் வீட்டில் காவல்துறை ஐந்து ஹார்டு டிஸ்க்குகளைக் கைப்பற்றியது. (அந்த நடவடிக்கைக்கு அவர்கள் இட்ட பெயர், வியப்பாக, சத்தியாகிரகம்!) அந்நாட்டு வல்லுநர்கள் ஐந்து மாதமும் அமெரிக்க எஃப்பிஐ ஓராண்டும் முயன்றும் அவை திறக்கவில்லை.

ஆகவே முத்தவல்லிக்கு நாம் அல்கிந்தியைச் சொல்லவில்லை. உஸ்மான் பின் தல்ஹா (ரலி) அவர்களைச் சொன்னோம். ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றியின்போது கஅபாவின் சாவி நபி (ஸல்) அவர்களின் கைக்கு வந்தது. அதனைத் தம் குடும்பத்துக்குக் கேட்ட உறவினரும் இருந்தனர். நபியவர்களோ அதனை உஸ்மானிடமே திருப்பி அளித்தார்கள். அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்கப் பணிக்கும் நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனம் இதையொட்டி அருளப்பட்டது என்பது முஃபஸ்ஸிர்கள் பலரின் கூற்று. அவர்தம் குலத்தாரான பனூ ஷைபாவிடமே இன்றுவரை அந்தச் சாவி இருந்துவருகிறது.

இங்கும் சாவி ஓரிடத்தில் இருக்கத்தான் வேண்டும் என்று தேடினோம். செயலாளரின் மூத்த மகன், தந்தையின் கைப்பேசியிலிருந்த மின்னஞ்சல் கணக்கின் வழியே மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்தார். 48 இலக்கங்களும் அங்கே இருந்தன.

டிஸ்க் திறந்ததும் வேறொரு கவலை எழுந்தது. அதில் மர்ஹூமின் சொந்தக் கடிதங்களும் கொடுக்கல் வாங்கல் குறிப்புகளும் இருந்தன. பிறர் மறைவைத் துருவுவதை மார்க்கம் தடுக்கிறது. மவ்த்தானவர் மறுப்புச் சொல்லவும் இயலாதவர். ஜமாஅத்தின் இரண்டு கோப்புறைகளை மட்டும், மகனின் கையாலேயே, படியெடுக்கச் சொன்னோம். மற்றவற்றைத் திறவாமல் டிஸ்க்கை அவரிடமே கொடுத்துவிட்டோம். கடனைப் பற்றி ஏதேனும் இருப்பின் வாரிசுகள் பார்த்துக்கொள்ள வேண்டியது அது.

காத்திருந்த தகப்பனார் அன்று மாலையே சான்றுடன் பேருந்து ஏறினார். இப்போது அந்த ஜமாஅத்தில் நிக்காஹ் தஃப்தர் காகிதத்திலும் எழுதப்படுகிறது. புதிய கணினியின் 48 இலக்கங்கள், இருவர் கையொப்பமிட்ட உறையில், வக்ஃப் பத்திரங்களோடு இரும்புப் பெட்டியில் உள்ளன.