அறுபதுகளின் ஆடுகளத்தில் யார் பெரியவர்?

1960களின் அமெரிக்கக் கூடைப்பந்தில் ஆதிக்கம் செலுத்தியவர் வில்ட் சேம்பர்லைனா, பில் ரஸ்ஸலா? இந்த வாதம் இன்றும் ஓயவில்லை. இருவருமே கறுப்பினத்தவர்.

எண்கள் சேம்பர்லைன் பக்கம். 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தார். அந்தப் பருவத்தில் அவரது சராசரி 50.4. இன்றுவரை எவரும் அதை எட்டவில்லை. ஆனால் அதே பருவத்தின் மிகச் சிறந்த வீரராக, களத்தில் ஆடியவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தது ரஸ்ஸலை! தடுப்பாட்டத்தால் பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்கு 13 பருவங்களில் 11 பட்டங்கள் வாங்கித் தந்தவர் அவர்.

‘ஆதிக்கம்’ நமக்குக் கசப்பான சொல். அதனால் நாம் இன்னொன்றையும் கேட்கிறோம்: ஆதிக்கத்தை எதிர்த்தவர் யார்? 1961இல் கென்டக்கியின் லெக்சிங்டனில் காட்சிப் போட்டி ஆடப் போன இடத்தில், ரஸ்ஸலின் சக கறுப்பின வீரர்களுக்கு விடுதி உணவகத்தில் உணவு மறுக்கப்பட்டது. ஆட்டம் வேண்டும், ஆடுபவருக்குச் சோறு கிடையாது. இந்தத் தீண்டாமையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ரஸ்ஸலும் தோழர்களும் ஆட மறுத்து ஊர் திரும்பினார்கள். 1966இல் அவரே என்.பி.ஏ.வின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளரானார்.

சேம்பர்லைனின் 100 புள்ளிகளை நாம் வியக்கிறோம். ஆனால், ரஸ்ஸல் ஆடாமல் விட்ட அந்த ஓர் ஆட்டத்துக்கே நம் வாக்கு.