0.1 என்று அச்சிடுவது ஒப்பனையா?

பைதான் மொழியின் 2.6 பதிப்பில் 0.1 என்று தட்டினால் திரையில் 0.10000000000000001 என்று வரும். 2009-இல் வெளிவந்த 3.1 பதிப்பிலிருந்து 0.1 என்றே வருகிறது. நினைவகத்தில் உள்ள 64 பிட்டுகளில் ஒன்றுகூட மாறவில்லை. அவற்றைத் தசமத்தில் எழுதிக் காட்டும் முறைதான் மாறியது. இதை வெறும் கண்துடைப்பாகக் கருதும் போக்கு எண்கணிப்புத் துறையில் நெடுநாளாக உண்டு. பதினேழு இலக்கங்களையும் காட்டுவதே நேர்மை, குறைத்துக் காட்டுவது பயனருக்குத் தரும் சலுகை என்பது அதன் வாதம். அந்த வாதம் தனக்கு ஆதாரமாகக் கொள்ளும் மூலக் கட்டுரையையே பிழையாக வாசிக்கிறது.

அந்த மூலம், கை ஸ்டீல், ஜான் எல் வைட் இருவரும் 1990-இல் வெளியிட்ட கட்டுரை. மிதவைப்புள்ளி எண்களைத் துல்லியமாக அச்சிடுவது எப்படி என்பதே அதன் பொருள். தங்கள் வழிமுறையின் பண்புகளாக அவர்கள் கூறுவனவற்றில் இரண்டு இங்கே முக்கியம்: தகவல் எதுவும் இழக்கப்படாது, குப்பை இலக்கங்கள் வெளிவராது. குப்பை என்ற கடுஞ்சொல்லைப் பிடித்துக்கொண்டவர்கள், ஆசிரியர்களின் அக்கறை அழகில்தான் இருந்தது என்று முடிவு கட்டிவிட்டார்கள். வரிசையை அவர்கள் கவனிக்கவில்லை. தகவல் இழப்பின்மை முதலில் நிற்கிறது. அச்சிட்டதைத் திரும்ப வாசித்தால் அதே எண் கிடைக்க வேண்டும் என்பதே அதன் பொருள். அந்த நிபந்தனை நிறைவேறிய பிறகு எஞ்சும் இலக்கமே குப்பை. ஆக, இங்கே சுருக்கம் என்பது மீட்புக்குக் கட்டுப்பட்டது.

0.1-ஐயே எடுத்துக்கொள்ளலாம். இரும முறையில் அதை முடிவுறு எண்ணாக எழுத முடியாது. கணினி வைத்திருப்பது 3602879701896397-ஐ 2-இன் 55-ஆம் அடுக்கால் வகுத்த ஈவு. அதைத் தசமத்தில் முழுவதுமாக எழுதினால் புள்ளிக்குப் பின் 55 இலக்கங்கள் வரும்: 0.1000000000000000055511151231257827021181583404541015625. பத்தின் அடுக்கு −18-ஐ ஓர் அலகாகக் கொண்டால், இந்த மதிப்பு 0.1-ஐவிட ஏறத்தாழ 5.55 அலகு பெரியது. பழைய பைதான் காட்டிய 0.10000000000000001-உம் இந்த மதிப்பு அன்று, 4.45 அலகு தள்ளி நிற்கிறது. நேர்மையானது என்று போற்றப்படும் வடிவமும் தோராயம்தான்! இரு வடிவங்களின் பிழைகளுக்கும் உள்ள வேறுபாடு ஓர் அலகுக்குச் சற்றே மேல். அண்டை எண்கள் இருபுறமும் 13.88 அலகு தொலைவில் இருப்பதால், 6.94 அலகுக்குள் விழும் எந்தத் தசமமும் திரும்ப வாசிக்கப்படும்போது இதே எண்ணாகிவிடும். இரு வடிவங்களும் அந்த எல்லைக்குள் அடங்குகின்றன. அப்படியானால் நீண்ட வடிவம் கூடுதலாகத் தரும் தகவல் என்ன? எதுவும் இல்லை.

ஒரு வரம்பை இங்கே சொல்லியாக வேண்டும். வாசிக்கும் நிரலும் பிழையின்றி முழுதாக்கினால்தான் இந்த வாதம் நிற்கும். வில்லியம் கிளிங்கர், எண்களைத் துல்லியமாக வாசிப்பது பற்றிய தம் கட்டுரையை அதே 1990 மாநாட்டில் அளித்தார். இரண்டையும் இணைத்து வாசிப்பதே முறை என்று தோன்றுகிறது. முதலாவதைத் தனியே பிரித்தெடுத்ததில்தான் அதை ஒப்பனைக் கலையாகக் காணும் பழக்கம் வேர்விட்டிருக்கலாம்.

குறுகிய வடிவம் மாணவரை ஏமாற்றும் என்ற ஆட்சேபத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. பைதானில் 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் 0.30000000000000004 என்று வருகிறது. அந்த விடை 0.3-க்குரிய இரும எண் அன்று என்பதால் பதினேழு இலக்கங்களும் தேவைப்படுகின்றன, தேவைப்பட்டதும் அச்சாகின்றன. புள்ளியியல் மென்பொருளான ஆர், இயல்பான ஏழு முக்கிய இலக்க அமைப்பில், அதே கூட்டலுக்கு 0.3 என்றே காட்டும், 0.3-உடன் சமமா என்று கேட்டால் இல்லை என்று சொல்லும். மாணவரைக் குழப்புவது இந்த நிலைத்த வெட்டுதான்.

மேட்லேப் என்ற கணிப்பு மென்பொருளில் இந்த வெட்டு இன்னும் கூர்மையாகத் தெரியும். இயல்பான குறு வடிவத்தில் 1000, 0.001 என்ற இரு உறுப்புகள் கொண்ட அணியை அச்சிட்டால், 1.0e+03 என்ற பொதுக் காரணி முன்னே வந்து, உறுப்புகள் 1.0000, 0.0000 என்று நிற்கும். நெடுவரிசை ஒழுங்காகத்தான் இருக்கிறது. இரண்டாம் எண்தான் காணாமல் போகிறது. இத்தகைய வெட்டுக்குப் பழைய சான்றும் உண்டு. வானிலையியலாளர் எட்வர்ட் லோரென்ஸ் 1961-இல் தம் வானிலைக் கணிப்பை நடுவிலிருந்து மீண்டும் ஓட்டியபோது, அச்சில் இருந்த 0.506-ஐ உள்ளிட்டார், கணினிக்குள் இருந்ததோ 0.506127. இரு ஓட்டங்களும் விலகிப்போன கதையைக் குழப்பக் கோட்பாட்டின் பிறப்பாகவே எல்லோரும் சொல்கிறார்கள். அச்சு வடிவம் தகவலைத் தின்ற கதையாகவும் அதைச் சொல்ல வேண்டும்.

ஒப்பனை, துல்லியம் என்று எதிரெதிராக நிறுத்தும் பகுப்பு மீட்புக்குக் கட்டுப்பட்ட சுருக்கம், நிலைத்த வெட்டு என்ற இரு வகைச் சுருக்கங்களையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. ஜாவாவின் வரலாறு அந்தப் பகுப்புக்கு எதிரான வலுவான சான்று. 2e23 என்ற எண்ணை அது பல ஆண்டுகள் 1.9999999999999998E23 என்று அச்சிட்டுவந்தது. 2022-இல் வந்த 19-ஆம் பதிப்பில்தான் அது 2.0E23 ஆனது. மீட்புக்கு வேண்டாத இலக்கங்கள் வெளிவந்ததைப் பிழையாகப் பதிவு செய்தே அதைத் திருத்தினார்கள்.