விபத்து நேராத தெரு: குடியிருப்புப் பகுதிச் சாலைப் பாதுகாப்பில் அச்சம் ஒரு சான்றாவது எப்படி

முன்னுரை

சென்னைக் குடியிருப்புத் தெருக்களிலிருந்து மாநகராட்சிக்கும் போக்குவரத்துக் காவல் துறைக்கும் போகும் மனுக்களில் சில குறைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பிரதான சாலையின் சிக்னலைத் தவிர்க்க வண்டிகள் உட்தெருவில் புகுந்து விரைகின்றன. நடைபாதை இல்லை, இருக்கும் இடத்திலும் டிரான்ஸ்பார்மரும் மின்சாரப் பில்லர் பெட்டியும் நிறுத்திவைத்த பைக்குகளும் அதை அடைத்துக்கொண்டிருக்கின்றன. முதியவர்கள் தெருவைக் கடக்க அஞ்சுகிறார்கள். பிள்ளைகளைத் தனியே பள்ளிக்கு அனுப்ப முடியவில்லை. மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டப் பணிகளுக்காகப் பெருஞ்சாலைகள் குறுகிய இடங்களில், திருப்பிவிடப்பட்ட வாகனங்களும் இத்தெருக்களில் சேர்ந்துகொண்டன.

இத்தகைய மனுவை வட்டாரத்தாரின் மனக்குறையாகக் கருதுவதே நிர்வாக வழக்கம். சாலைப் பாதுகாப்புக்கான பணமும் பொறியாளரின் கவனமும் விபத்துப் பதிவுகளைப் பின்பற்றியே செல்கின்றன. இக்கட்டுரை இதற்கு மாறான ஒரு வாதத்தை முன்வைக்கிறது. குடியிருப்புத் தெருவைப் பொறுத்தவரை விபத்து எண்ணிக்கை ஆபத்தை அளக்கப் போதுமான கருவியாகாது. சில வேளைகளில் அது ஆபத்தை மறைத்தும் விடுகிறது. அத்தெருவில் நடப்போரின் அச்சத்தை முறைப்படி திரட்டினால் அது திட்டமிடலுக்குரிய சான்றாகும். அந்தச் சான்றுக்கு நிர்வாக நடைமுறையில் உரிய இடம் தர வேண்டும்.

எண்ணிக்கை காட்டுவதும் மறைப்பதும்

மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். அவ்வாண்டு மாநிலங்களிலேயே அதிக விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். இந்தக் கணக்கு இன்றியமையாதது. இது இல்லாமல் எந்த நெடுஞ்சாலை வளைவைத் திருத்துவது, எங்கே அவசர ஊர்தியை நிறுத்துவது என்று தீர்மானிக்க இயலாது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்கி உயிர்காக்கும் பணியைச் செய்துவருகிறது.

ஆனால் இவையெல்லாம் மோதலுக்குப் பின் தொடங்குபவை. தேசிய நெடுஞ்சாலையில் ஓரிடம் ‘கரும்புள்ளி’ எனக் குறிக்கப்பட வேண்டுமானால், ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்திற்குள் மூன்றாண்டுகளில் மரணமோ கொடுங்காயமோ விளைவித்த 5 விபத்துகள் நிகழ்ந்திருக்க வேண்டும். அல்லது 10 பேர் இறந்திருக்க வேண்டும். நெடுஞ்சாலைக்கு இந்த அளவுகோல் பொருந்தலாம். நூற்றுக்கணக்கான சிறு தெருக்களில் ஆபத்து சிதறிக் கிடக்கும் குடியிருப்புப் பகுதியில், தனியொரு தெரு இந்தக் கணக்கை எட்டுவதே அரிது. அப்படி எட்டினால், அதற்குள் அத்தெரு சிலரை இழந்திருக்கும்.

இதனினும் ஆழமான குறை ஒன்று உண்டு. மக்கள் அஞ்சி ஒதுங்கிவிட்ட தெருவில் விபத்து குறைகிறது. மேயர் ஹில்மன், ஜான் ஆடம்ஸ், ஜான் வைட்லெக் ஆகிய மூவரும் இங்கிலாந்தில் நடத்திய ஆய்வு 1990இல் வெளியானது. ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குச் சென்றோர் 1971இல் 80 விழுக்காடு. 1990இல் 9 விழுக்காடு. அந்த இருபதாண்டுகளில் வாகனங்கள் பெருகின; சாலையில் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கையோ கணிசமாகக் குறைந்தது. எண்களை மட்டும் பார்த்தால் தெருக்கள் பாதுகாப்பாகிவிட்டன என்றே தோன்றும். பெற்றோர் பிள்ளைகளைத் தெருவிலிருந்து விலக்கிக்கொண்டதுதான் நடந்தது என்று அந்த ஆய்வாளர்கள் வாதிட்டனர். ஆக, சுழியம் என்ற எண்ணிக்கைக்கு இரண்டு பொருள் இருக்க முடியும்: ஆபத்து இல்லை என்பது ஒன்று, ஆபத்துக்கு அஞ்சி யாரும் நடப்பதில்லை என்பது மற்றொன்று. எது உண்மை என்பதை விபத்துப் பதிவேடு சொல்லாது. அங்கே குடியிருப்பவர்கள்தாம் சொல்ல முடியும்.

அச்சத்தின் அடிப்படை

அச்சம் அகவயமானது, அதை நம்பித் திட்டமிட முடியாது என்பது வழக்கமான மறுப்பு. ஆனால் தெருவோரம் நிற்பவர் அஞ்சுவது பெரும்பாலும் வேகத்துக்கு. வேகத்தின் விளைவு கணக்கிடத்தக்கது. ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து பிரேக்கை அழுத்த ஒரு விநாடி ஆகும் என்றும், உலர்ந்த சாலையில் வண்டியின் வேகம் ஒவ்வொரு விநாடியிலும் விநாடிக்கு 7 மீட்டர் வீதம் குறையும் என்றும் கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஏறத்தாழ 13.3 மீட்டரில் நின்றுவிடும். 50 கிலோமீட்டரில் வரும் கார் அந்த முதல் விநாடியிலேயே 13.9 மீட்டர் கடந்திருக்கும். பதின்மூன்றரை மீட்டருக்கு முன்னால் ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு தெருவில் இறங்கினால், முதல் கார் குழந்தையைத் தொடாமல் நிற்கும்; இரண்டாவது கார் வேகம் சற்றும் குறையாமல் மோதும். அம்மோதலின் ஆற்றல், 30 கிலோமீட்டர் வேகத்தில் நேரும் மோதலைவிட 2.8 மடங்கு. ‘இந்தத் தெருவில் வண்டி ரொம்ப வேகமாகப் போகிறது’ என்று ஒரு பாட்டி சொல்லும்போது இந்த வேறுபாட்டைத்தான் சொல்கிறார்.

அவர் சொல்வதில் இன்னொரு தரவும் இருக்கிறது. நூலிழையில் தப்பிய நிகழ்வுகள் காவல் நிலையப் பதிவேட்டில் ஏறுவதில்லை. தெருவில் வசிப்பவர்களின் நினைவில் அவை தங்கிவிடுகின்றன. இத்தகைய தப்பல்களை எண்ணித் தரப்படுத்தும் முறையைச் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டர் ஹிடேன் 1980களில் செம்மைப்படுத்தினார். விபத்தும் தப்பலும் ஒரே தொடர்வரிசையில் அமைந்தவை, அவற்றிடையே உள்ளது அளவு வேறுபாடு மட்டுமே என்பது அம்முறையின் அடிப்படை. ஆகவே பலருடைய நினைவில் ஒரே திருப்பம் திரும்பத் திரும்ப வந்தால், அதை வெறும் பீதி என்று ஒதுக்க இயலாது. அது நேரில் சென்று அளக்க வேண்டிய இடத்தைக் காட்டும் குறிப்பு.

மோதலே நேராத நிலையிலும் இழப்பு உண்டு என்பதை டொனால்டு ஆப்பிள்யார்டு சான் பிரான்சிஸ்கோ நகரில் நடத்திய ஆய்வு காட்டியது. அருகருகே அமைந்த மூன்று தெருக்களை அவர் ஒப்பிட்டார். நாளொன்றுக்குச் சுமார் 2,000 வண்டிகள் செல்லும் தெருவில் ஒருவருக்கு அத்தெருவிலேயே சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தனர். 16,000 வண்டிகள் செல்லும் தெருவில் அந்தச் சராசரி ஒன்றைக்கூட எட்டவில்லை: 0.9. திண்ணையிலும் வாசற்படியிலும் கோலமிடும் இடத்திலும் உறவு வளர்க்கும் நம் தெருக்களுக்கு இந்த முடிவு அயலானதன்று. எதிர்வீட்டுக்குப் போகத் தயங்கும் முதியவரின் இழப்பை எந்த விபத்துப் படிவமும் கேட்பதில்லை.

விதி இருக்கிறது, வடிவம் இல்லை

சென்னையில் குறை விதியில் இல்லை. மாநகராட்சி 2014இலேயே மோட்டார் சாராப் போக்குவரத்துக்கான கொள்கையை ஏற்றது. போக்குவரத்து நிதியில் 60 விழுக்காட்டை நடப்போருக்கும் மிதிவண்டியோட்டிகளுக்கும் ஒதுக்க வேண்டும் என்பது அதன் உறுதிமொழி. இந்தியச் சாலைகள் காங்கிரஸின் 2012ஆம் ஆண்டு நெறிமுறை, தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலமும், 150 மில்லிமீட்டரை மிஞ்சாத உயரமும் கொண்ட நடைபாதையைக் கோருகிறது. 2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துக் காவல் துறை, குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வாகனங்களுக்கும் மணிக்கு 30 கிலோமீட்டரை உச்ச வேகமாக அறிவித்தது. கோவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 மே மாதம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்பின் 21ஆம் உறுப்பு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

இவ்வளவுக்குப் பின்னும் உட்தெரு மாறாததற்குக் காரணம், எந்தத் தெருவில் எதைச் செய்வது என்று முடிவெடுக்கும் இடத்தில் அத்தெருவைப் பற்றிய தரவு இல்லாமையே. பாண்டி பஜாரில் 2019இல் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. வணிகத் தெருவுக்கு அங்கே வரும் கூட்டமே சான்றாக நின்றது. ஆள் நடமாட்டம் அருகிவிட்ட உட்தெருவுக்கு அப்படி ஒரு சான்று இல்லை. கோரிக்கை வலுக்கும்போது கிடைப்பது பெரும்பாலும் அவசரத்தில் போடப்பட்ட வேகத்தடை. நெறிமுறை சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மென்மையான வளைவு. வண்டி 25 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஏறி இறங்குவதற்காக வடிவமைக்கப்பட்டது. வழக்கத்தில் காணும் குறுகிய மேடோ முதுகை உலுக்குகிறது. பைக் ஓட்டுபவர் அதைத் தவிர்க்கத் தெருவோரமாக, நடப்பவர் மேலேயே ஒடித்துத் திருப்புகிறார். மனுவை அமைதிப்படுத்த வேண்டிய மனக்குறையாகப் பார்க்கும் வரை பிழையான வேகத்தடைதான் வரும். தரவாகப் பார்த்தால், தெருமுனையைக் குறுக்குவதா, கடக்கும் இடத்தை மேடாக்குவதா, வாகனம் ஊடுருவும் வழியை மறிப்பதா என்ற வடிவமைப்புக் கேள்விகள் எழும்.

இரண்டு மறுப்புகள்

முதலாவது, நீதி பற்றியது. அச்சத்தைச் சான்றாக ஏற்றால், சங்கம் அமைத்து உரக்கப் பேச வல்லவர்களின் அச்சம் மட்டுமே கேட்கும். அவர்கள் தம் தெருவுக்குக் கதவு போட்டு, நெரிசலை அடுத்த ஏழைத் தெருவுக்குத் தள்ளிவிடலாம். தள்ளுவண்டி வணிகரைத் தொல்லை என்று விரட்டலாம். இந்த மறுப்பு வலுவானது. இதற்கு விடை, அச்சத்தைத் திரட்டும் முறையில் இருக்கிறது. வீட்டு உரிமையாளரை மட்டும் கேட்கக் கூடாது. வீட்டு வேலைக்கு நடந்து வரும் பெண்களையும், மாணவர்களையும், காவலாளிகளையும், வணிகர்களையும் கேட்க வேண்டும். தெருவோர வணிகர் சட்டம் (2014) நகர விற்பனைக் குழுவில் வணிகர்களுக்கு 40 விழுக்காட்டுக்குக் குறையாத இடம் தருவதால், வணிகர் குரலைச் சேர்க்க ஏற்கெனவே ஒரு வழி உண்டு. நெரிசல் அடுத்த தெருவுக்குத் தள்ளப்படாதிருக்க, தெருவைத் தனியாகப் பிரிக்காமல் ஒரு வட்டாரத்தையே அலகாகக் கொள்ள வேண்டும்; இதைக் காலின் பியூக்கனன் 1963இல் பிரிட்டன் அரசுக்கு அளித்த அறிக்கையிலேயே வலியுறுத்தினார்.

இரண்டாவது, நகரின் இயக்கம் முடங்கும் என்பது. உட்தெருவில் ஒருவர் 500 மீட்டர் செல்வதாகக் கொண்டால், 50 கிலோமீட்டர் வேகத்தில் 36 விநாடி. 30 கிலோமீட்டர் வேகத்தில் 60 விநாடி. இழப்பு 24 விநாடி. அந்த 24 விநாடியை மிச்சப்படுத்த, தெருவாசிகள் அனைவரும் தம் நடமாட்டத்தைச் சுருக்கிக்கொள்ள வேண்டும் என்பதே இன்றைய ஏற்பாட்டின் உட்பொருள். இதை வெளிப்படையாக எழுதி வைத்தால் எந்த மன்றமும் ஒப்புக்கொள்ளாது.

முடிவுரை

தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைக்கப்பட்டுள்ளன. புதிய அமைப்பு எதையும் தேடாமல், இச்சபைகளில் ஒரு தெருப் பதிவேட்டைத் தொடங்கலாம். எந்தத் திருப்பத்தை, எந்த நேரத்தில் தவிர்க்கிறீர்கள், எங்கே நூலிழையில் தப்பினீர்கள், எந்த வயதில் பிள்ளையைத் தனியே அனுப்பத் துணிவீர்கள் என்ற கேள்விகளுக்கு விடைகள் பதியப்பட வேண்டும். பலர் சுட்டும் இடத்தில் பொறியாளர் வேகத்தை அளந்து, தீர்வை வடிவமைக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

பணி முடிந்ததும் வெற்றியை அளப்பதிலும் அளவுகோல் மாற வேண்டும். விபத்து குறைந்ததா என்ற கேள்வியோடு, நடப்பவர் கூடினாரா என்பதும் கேட்கப்பட வேண்டும். இரண்டுக்கும் ‘ஆம்’ என்று விடை வரும் தெருவைத்தான் பாதுகாப்பானது எனக் கொள்ள முடியும். நெதர்லாந்தில் 1971இல் சாலையில் இறந்தவர்களுள் நானூறுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். அந்த இழப்புக்குப் பிறகே பெற்றோர் திரண்டெழுந்து நாட்டின் போக்குவரத்துக் கொள்கையைத் திருப்பினர். சென்னையின் பெற்றோர் இன்று எழுதும் மனுக்கள், அத்தகைய விலை கொடுக்கப்படும் முன்பே வந்து சேரும் முன்னறிவிப்பு. அதைச் சான்றாக ஏற்கும் நிர்வாகத்துக்கு மரணங்களை எண்ணிக் காத்திருக்கும் தேவை இராது.