களஞ்சியம் ஒன்று, பொருள் பல

வெடிமருந்துக் கிடங்கு, துப்பாக்கியில் தோட்டாக்கள் அடங்கும் கூடு, மாத இதழ் ஆகிய மூன்றையும் ஆங்கிலேயர் 'மேகஸின்' என்றே அழைக்கின்றனர். இச்சொல்லின் மூலம் 'மக்ஸன்' எனும் அரபுச் சொல்லாகும். களஞ்சியம் என்பது அதன் பொருள். நாம் வழங்கும் 'கஜானா'வும் அவ்வேரில் கிளைத்ததே.

இத்தாலி, பிரான்சு வழியே 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துள் புகுந்த அச்சொல், பண்டகசாலையைக் குறித்துப் பின்னர் ஆயுதக் கிடங்கையும் குறித்தது. 1857 மே 11 அன்று டில்லியில் ஆங்கிலேயர் தாமே தகர்த்ததும் ஒரு 'மேகஸின்'தான்.

1731இல் லண்டனில் எட்வர்ட் கேவ், பல்சுவைச் செய்திகளின் களஞ்சியம் எனும் கருத்தில் தம் இதழுக்கு 'ஜென்டில்மேன்ஸ் மேகஸின்' எனப் பெயரிட்டார். 1901இல் லாகூரில் ஷெய்கு அப்துல் காதிர் தொடங்கிய உருது இதழோ 'மக்ஸன்' எனும் மூலப்பெயரையே தாங்கிற்று.

களஞ்சியத்தில் வெடிமருந்தையும் நிரப்பலாம்; அறிவையும் நிரப்பலாம். இதழ் நடத்தும் நாமும், அதை இல்லத்தில் வரவேற்கும் நீங்களும் மறக்கலாகாத உண்மை இது.