ஆரல்வாய்மொழியிலிருந்து களியக்காவிளைக்கு

நாஞ்சில் நாட்டாராகிய நமக்கு எல்லை என்பது ஊர் மாறிய ஒன்று. நம் முன்னோர்க்கு எல்லை கிழக்கே இருந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்தால் பிரிட்டிஷ் சென்னை மாகாணம், இப்புறம் திருவிதாங்கூர். நமக்கோ எல்லை மேற்கே களியக்காவிளையில் இருக்கிறது. 1956 நவம்பர் முதல் நாள் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. மக்கள் இடம் பெயரவில்லை. எல்லைதான் அவர்களைக் கடந்து சென்றது. இத்தகைய இடத்தில் வாழ்வோர்க்கு ஒரு வசதி உண்டு. இரண்டு அரசுகளுள் எது தன் மக்களை நன்றாக வாழ வைத்தது என்னும் கேள்வியை, நூலகத்தில் புள்ளிவிவரம் தேடாமலே, தம் வீட்டு வரலாற்றை வைத்தே அவர்கள் எடை போடலாம்.

முதலில் பழைய எல்லையைப் பார்ப்போம். ஆரல்வாய்மொழியில் சுங்கச் சாவடி இருந்தது. அதைக் கடக்கும் வண்டிச் சுமைக்குத் தீர்வை உண்டு. 1865இல் திவான் மாதவராவ் காலத்தில் பிரிட்டிஷ் இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி ஆகிய மூன்றுக்கும் இடையே ஏற்பட்ட வணிக உடன்படிக்கைதான் இத்தீர்வைகளுள் பெரும்பாலானவற்றை நீக்கிற்று. நாணயமும் வேறு. திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். அந்த அரைச் சக்கரத்தில் வாழ்ந்த வணிகரும் இருந்திருப்பர்! அதே 1865இல் வந்த பண்டாரப்பாட்ட அறிக்கை, அரசு நிலங்களை உழுதவர்க்கு அந்நிலத்தின் மீது உரிமை வழங்கியது. விற்கவும் ஈடு வைக்கவும் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லவும் தக்க சொத்தாக நிலம் அவர்கள் கைக்கு வந்தது. இன்றும் நம் ஊர்களில் பத்து சென்ட், இருபது சென்ட் வைத்திருக்கும் குடும்பங்கள் இத்தனை இருப்பதற்கான வேர்களுள் ஒன்று அங்கே இருக்கிறது.

கல்வியைப் பொறுத்தவரை, 1817இல் ராணி கௌரி பார்வதி பாய் பிறப்பித்த கட்டளையைக் கேரள வரலாற்றாசிரியர்கள் பெருமையோடு நினைவுகூர்வர். மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்கவேண்டும் என்பது அதன் சாரம். கட்டளை உயர்ந்ததுதான். எனினும் 'மக்கள்' என்ற சொல்லுக்குள் அன்று யார் யார் அடங்கினர் என்று நாம் கேட்டாக வேண்டும். ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதற்காக அய்யன்காளி போராட வேண்டியிருந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். கட்டளை பிறந்து ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் கழித்து. தெற்குத் திருவிதாங்கூரில் கதவைத் திறந்தவர்கள் வேறு சிலர். 1806இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபேயும், அவருக்குப் பின் நாகர்கோவிலில் பணியாற்றிய மீட், மால்ட் முதலானோரும் இலண்டன் மிஷனரி சங்கத்தைச் சார்ந்தவர்கள். நாகர்கோவிலில் பெண்களுக்கான உறைவிடப் பள்ளி 1819இல் தொடங்கியது. நெய்யூரில் மருத்துவப் பணி 1838இல் தொடங்கியது. கத்தோலிக்கராகிய நாம் இதைத் தயக்கமின்றிச் சொல்லலாம்: எழுத்தறிவை எளியோரின் வீட்டு வாசலுக்குக் கொண்டு சென்றதில் அப்பிரிவினைச் சகோதரர்கள் நமக்கு முந்தியவர்கள்.

அங்ஙனம் கற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. தோள்சீலைக்காக நம் பெண்கள் பட்ட பாட்டின் விளைவாக 1859 அறிக்கை வந்தது. அதுவும் அரைகுறையாக, உயர்ந்த சாதியினரைப் போல் உடுத்தக் கூடாது என்ற விலக்கோடு வந்தது. ஆலய நுழைவுக்கு 1936 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே திருவிதாங்கூரின் சிறப்பை அரண்மனையின் அருள் என்று மட்டும் கொள்வது பாதி உண்மை. கொடுக்க மனமுள்ள அரசும் இருந்தது. கேட்கத் துணிந்த மக்களும் இருந்தனர். அன்றைய சென்னை மாகாணத்தில் இவ்விரண்டும் இவ்வளவு நெருக்கமாகச் சேரவில்லை என்பதே நம் கருத்து. 1951 மக்கள்தொகைக் கணக்கில் திருவிதாங்கூர்-கொச்சியில் நூற்றுக்கு 45க்கு மேற்பட்டோர் எழுத்தறிந்தவர். சென்னை மாநிலத்தில் ஏறத்தாழ 20 பேர்.

அப்படியாயின், எழுத்தறிவு மிக்க மாநிலத்தை விட்டு நம்மவர் ஏன் பிரிந்தனர்? வயிற்றுக்காக அன்று. மொழிக்காகவும், தம் நாட்டிலேயே இரண்டாம் தரத்தவராக நடத்தப்பட்ட மனக்குறைக்காகவும். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸை நடத்திய மார்ஷல் நேசமணியும் அவருடைய தோழர்களும் பொருளாதாரக் கணக்குப் பார்த்துப் போராடவில்லை. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறையின் குண்டுக்கு இரையானவர்களும் பார்க்கவில்லை. கணக்குப் பார்த்தவர்கள் மறுபுறத்தார்: நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம், அதை இழந்தால் சோற்றுக்கு என்ன செய்வது என்ற கவலை அவர்களுக்கு. அக்கவலை நியாயமானதே. 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணை திருவிதாங்கூர் கட்டியது. அதன் நீரில் விளைந்த கன்னிப்பூவும் கும்பப்பூவும் வேறொரு மாநிலத்துக்குப் போவதை எவர்தான் விரும்புவர்?

இனி புதிய எல்லைக்கு வருவோம். 1956க்கு முன் ஒரே ஆட்சியில் இருந்த மக்கள், ஒரே மழையில் நனைந்தவர்கள், ஒரே மரச்சீனியும் மீனும் உண்டவர்கள், அதன்பின் இரண்டு ஆட்சிகளில் பிரிந்து வாழ்கின்றனர். எது முன்னமே விதைக்கப்பட்டது, எது பின்னர் வந்தது என்று பிரித்தறிய இதைவிட நல்ல வாய்ப்பு கிடைப்பது அரிது.

2011 கணக்கின்படி கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டு மாவட்டங்களுள் முதலிடம். எல்லைக்கு அப்பால் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 93. கணவாய்க்குக் கிழக்கே அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் 82.5. ஐம்பத்தைந்து ஆண்டுகள் தமிழ்நாட்டு ஆட்சியில் இருந்தும் நாம் மேற்கு அயலாரையே ஒத்திருக்கிறோம். ஆயிரம் ஆண்களுக்கு 1,019 பெண்கள் என்ற நம் மாவட்டத்தின் கணக்கும் கேரளத்துச் சாயலே. எல்லை நகர்ந்தபோது பள்ளிக்கூடப் பழக்கம் நம்மோடு தங்கிவிட்டது. தமிழக அரசு அதை அழிக்கவில்லை. காமராசர் காலத்தின் மதிய உணவும், 1982இல் விரிவடைந்த சத்துணவும் அதற்கு உரமிட்டன என்பதையும் சொல்லவேண்டும்.

கூலிக்கு வந்தால் கதை வேறு. ரிசர்வ் வங்கி வெளியிட்ட கணக்கின்படி 2021-22இல் கிராமப்புற விவசாயத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி கேரளத்தில் ரூ.726.80, தமிழ்நாட்டில் ரூ.445.60. இவ்வேறுபாடு மன்னர் காலத்துச் சொத்தன்று. மன்னர் காலத்துச் சொத்தாயிருந்தால் நமக்கும் அதில் பங்கு கிடைத்திருக்க வேண்டுமே! இது 1956க்குப் பின் கேரளத்தில் தொழிற்சங்கங்களும், அவற்றுக்குச் செவிசாய்த்த அரசுகளும், 1974இன் விவசாயத் தொழிலாளர் சட்டமும் சேர்ந்து உண்டாக்கியது. பின்னர் வளைகுடாப் பணம் அதை மேலும் உயர்த்தியது.

இதைப் புள்ளிவிவரத்தில் காண்பதைவிட முந்திரி ஆலையில் காணலாம். நம் பெண்கள் 'அண்டியாபீஸ்' என்று சொல்லும் அந்த ஆலைகள் நம் மாவட்டத்தில் இத்தனை பெருகியதன் காரணம் இங்கே முந்திரி மிகுதியாக விளைவதா? இல்லை. கொட்டையில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது. கொல்லத்தில் சங்கம் வலுத்துக் குறைந்தபட்சக் கூலி உயர்ந்தபோது, அங்கிருந்த முதலாளிகள் மூட்டைகளை எல்லைக்கு இப்புறம் அனுப்பினர். அதே கொட்டை, அதே சுடுபால், அதே கருத்த விரல்கள். கூலி மட்டும் குறைவு. களியக்காவிளை எல்லைக்கல்லுக்கு இதைவிடக் கூர்மையான விளக்கம் நமக்குத் தெரியவில்லை. இதில் கேரளத்தையும் கேட்க ஒரு கேள்வி உண்டு. உயர்ந்த கூலியைச் சட்டமாக்கிய மாநிலம், அக்கூலி வேலையையே எல்லைக்கு வெளியே போகவிட்டது. கொல்லத்துத் தொழிலாளப் பெண்கள் ஆலை மூடிய நாட்களை எண்ணியிருந்தனர். வேலையே செய்யாமல் நின்று பார்த்தமைக்குக் கேட்கும் 'நோக்குக்கூலி'யை ஒழிக்கக் கேரள அரசு 2018 மே முதல் நாள் வரை காலம் எடுத்துக்கொண்டது என்பதும் நினைக்கத்தக்கது.

தமிழ்நாட்டின் வலிமை ஆலைகளில் இருக்கிறது. நாட்டிலேயே மிகுதியான தொழிற்சாலைகள் உள்ள மாநிலம் இது, 38,000க்கு மேல். ஆயின் அவை சென்னையைச் சுற்றியும் கோவையிலும் ஓசூரிலும் இருக்கின்றன. நம் மாவட்டத்தில் இல்லை. நம் பட்டதாரி இளைஞன் சென்னைக்கோ பெங்களூருக்கோ வளைகுடாவுக்கோ போகிறான். நம் கொத்தனார் அதிகாலை இரயிலில் திருவனந்தபுரம் போகிறார். கேரளத்தின் கூலியும் நமக்கு இல்லை, தமிழகத்தின் ஆலையும் நமக்கு இல்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, அந்நிலை.

மாநிலங்களாகப் பார்த்தால் போட்டி முன்போல் ஒருபக்கமானது அன்று. 2022-23இல் நடந்த குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் ஓர் ஆளின் மாதச் செலவு கேரளக் கிராமத்தில் ரூ.5,924, தமிழகக் கிராமத்தில் ரூ.5,310. நகரத்தில் தமிழகமே முந்தியிருக்கிறது: இங்கே ரூ.7,630, அங்கே ரூ.7,078. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஓராண்டுக்குள் இறப்பவை 2020இல் கேரளத்தில் 6, தமிழகத்தில் 13; நாடு முழுமைக்கும் 28. பேறுகாலத் தாய் இறப்பு 2018-20இல் இலட்சம் பேற்றுக்கு அங்கே 19, இங்கே 54. தாய்மாரின் உயிரில் கேரளம் அப்போது வெகு தொலைவு முன்னே நின்றது. அதை மொழிப்பற்றால் மறைக்கக் கூடாது. கற்றுக்கொள்வது ஒருவழிப் பாதையும் அன்று. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தர 1990களின் நடுவில் தமிழகம் அமைத்த மருத்துவப் பணிகள் கழகத்தைப் பார்த்துத்தான் கேரளம் பின்னர் தன் கழகத்தை அமைத்தது.

உயர்ந்த வாழ்க்கைத் தரம் தன் சுமைகளை எங்கே இறக்கி வைக்கிறது என்பதையும் எல்லையில் வாழ்வோர் அறிவர். கேரளத்தின் நெல்வயல் 1970களின் நடுவில் இருந்த ஏறத்தாழ 8.8 இலட்சம் ஹெக்டேரிலிருந்து சுமார் 2 இலட்சமாகச் சுருங்கியது. அரிசியும் காய்கறியும் இப்புறமிருந்து போகின்றன. வடசேரிச் சந்தையில் விலை ஏறுவதும் இறங்குவதும் அவ்வூர்க்காரர் கொள்முதலைப் பொறுத்தது; ஓணத்துக்குத் தோவாளைப் பூ. இவை நல்ல வணிகம். நம் மலைகளை உடைத்த கல் இரவும் பகலும் லாரியில் போவதை அப்படிச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவு திருநெல்வேலி மாவட்டத்தில் கொட்டப்பட்டு, பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன பிறகு திருப்பி அள்ளிச் செல்லப்பட்டதை நாடே கண்டது. நெய்யாறு இடதுகரைக் கால்வாயோ இரு புறமும் ஒரே நாடாயிருந்த நாளில், விளவங்கோட்டு வயல்களையும் எண்ணித் திட்டமிடப்பட்டது. 2004இல் கேரளம் நீரை நிறுத்தியது. 2012இல் தமிழகம் உச்ச நீதிமன்றம் சென்றது. நெற்களஞ்சியம் போய்விடுமே என்று ஒருகாலத்தில் வருந்தியவர்களின் பிள்ளைகளே அக்களஞ்சியத்தின் வாய்க்காலை அடைத்தது வரலாற்றின் வேடிக்கை. நம்மவரும் வயலை மனையாக்கி விற்றுக்கொண்டிருக்கையில் இதை உரத்துச் சொல்வதும் சற்றுக் கடினந்தான்.

கடற்கரையில் இவ்வொப்பீடு இன்னும் நெருக்கமானது. நீரோடி முதல் இரயுமன்துறை வரையிலான தூத்தூர் பகுதிக் கிராமங்கள் ஆட்சியால் தமிழகத்தைச் சார்ந்தவை. திருச்சபை அமைப்பில் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சார்ந்தவை. 1956இல் நகர்ந்த எல்லை அங்கே பங்குகளைத் தொடவில்லை. அம்மக்கள் சுறா தேடி ஆழ்கடல் செல்பவர்கள். கொச்சித் துறைமுகத்திலிருந்து படகு எடுப்பவர்கள். கேரளத்தின் புகழ்பெற்ற முன்னேற்றத்துக்குள்ளும் மீனவர் வெளியே விடப்பட்டவர் என்பதைப் பொருளியலறிஞர் ஜான் குரியன் 1995இலேயே எடுத்துக்காட்டினார். இப்புறத்திலும் நிலைமை மேலானதன்று.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தது. நீரோடியையும் அதை அடுத்த கேரளத்துப் பொழியூரையும் அலை பிரித்துப் பார்க்கவில்லை, அரசாணைகள் பிரித்தன. இறந்த மீனவர் குடும்பத்துக்குக் கேரளம் ரூ.20 லட்சம் அறிவித்தது. தமிழகம் முதலில் அறிவித்தது ரூ.10 லட்சம். டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானோர் குழித்துறை இரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்தனர். காணாமற்போனவரைத் தேடுங்கள் என்பது முதற் கோரிக்கை. குமரி மாவட்டத்தைக் கேரளத்தோடு சேர்த்துவிடுங்கள் என்ற குரலும் அந்நாட்களில் எழுந்தது. மார்த்தாண்டத்துத் துப்பாக்கிச்சூடு நடந்த இடத்துக்கு மிக அருகில், அறுபத்து மூன்று ஆண்டுகள் கழித்து! அக்குரல் மொழியை மறந்த குரல் என்று சிலர் சினந்தனர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. பக்கத்து ஊரில் ஓர் உயிருக்கு என்ன மதிப்பு என்று அறிந்தவர்களின் குரல் அது. சில நாட்களில் முதலமைச்சர் நேரில் வந்தார். தொகை ரூ.20 லட்சமாக உயர்ந்தது.