ஆலை வாசலில் முளைத்த ஊர்

பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர்கள் போன நாட்டில் எல்லா ஊரிலும் சமமாகப் பரவி இருக்கிறார்களா? இல்லை. ஏதோ ஒரு நகரம், அதில் ஏதோ நாலு தெரு என்று சேர்ந்துதான் இருக்கிறார்கள். "இனம் இனத்தோடு சேரும்" என்று சொல்லி இதை முடித்துவிடலாம். ஆனால் பொறியாளன் புத்தி சும்மா இருக்குமா? ஏன் அந்த ஊர், ஏன் அந்தத் தெரு என்று நோண்டிப் பார்க்கச் சொல்கிறது. மலர்க் குழுவினர் "ஏதாவது எழுதிக் கொடுப்பா" என்றதும், வேலை நிமித்தம் நான் இரண்டு வருடம் இருந்த டெட்ராயிட் வட்டாரத்தின் கதையையே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

டெட்ராயிட்டை ஒட்டி டியர்பார்ன் என்று ஒரு நகரம். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி அங்குள்ள சுமார் 1,10,000 பேரில் பாதிக்கு மேல் மேற்காசியாவையும் வட ஆப்பிரிக்காவையும் பூர்வீகமாகக் கொண்டவர்கள். வாரன் அவென்யூவில் நடந்தால் கடைப் பலகைகளில் அரபி எழுத்து. எலும்பைத் துளைக்கும் குளிர் அடிக்கும் இந்த ஊரில் லெபனான்காரருக்கும் ஏமன்காரருக்கும் என்ன வேலை?

வேலைதான் காரணம்! 1913இல் ஹைலேண்ட் பார்க் ஆலையில் ஹென்றி ஃபோர்டு நகரும் அசெம்பிளி லைனை ஓட்டினார். நாள் முழுக்க ஒரே திருகாணியை முடுக்கும் வேலை. யார் நிற்பார்கள்? அந்த வருடம் 100 இடங்களை நிரப்பி வைக்க ஏறக்குறைய 370 பேரை எடுக்க வேண்டியிருந்ததாம். அதனால் 1914 ஜனவரியில், நாளுக்கு 5 டாலர் கூலி என்று அறிவித்தார். முன்பு கிடைத்ததைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கைத்தொழில் தெரியாதவனுக்கும் ஆங்கிலம் தெரியாதவனுக்கும் இடம் இருந்தது. வேறு ஊர்களில் மூட்டை சுமந்து துணிமணி விற்றுக்கொண்டிருந்த சிரிய, லெபனான் இளைஞர்கள் டெட்ராயிட்டுக்கு ரயிலேறினார்கள்.

பிறகு ஃபோர்டு, டியர்பார்னில் ரூஜ் ஆற்றங்கரையில் பிரம்மாண்டமான ஆலை கட்டினார். 1917இல் தொடங்கிய வேலை 1928இல் முடிந்தது. ஒரு பக்கம் இரும்புத் தாது கப்பலில் வந்து இறங்கும். மறுபக்கம் கார் உருண்டு வெளியே வரும். 1930களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே வேலை பார்த்தார்கள். ஆலை நகர்ந்ததும் ஆட்களும் நகர்ந்தார்கள். ரூஜ் வாசலுக்கு எதிரே 'சவுத் எண்ட்' என்ற பகுதியில், ஷிப்டுக்கு நடந்தே போகிற தூரத்தில் குடியேறினார்கள். காப்பிக் கடை வந்தது, மளிகைக் கடை வந்தது, மசூதியும் வந்தது.

சரி, ஆலை இழுத்தது. அடுத்தடுத்து வந்தவர்களை இழுத்தது யார்? முதலில் போனவன்தான். இதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. 1924ஆம் வருடத்துக் குடிவரவுச் சட்டம் வாசலை ஏறக்குறைய மூடியது. 1965ஆம் வருடத்துச் சட்டம் அதைத் திறந்தபோது உறவினர்களுக்கு முன்னுரிமை தந்தது. ஆக, ஏற்கெனவே அங்கே அண்ணன் இருப்பவனே போக முடிந்தது. போனவன் அண்ணன் வீட்டுக்குத்தான் போனான். 1975 முதல் 1990 வரை லெபனானில் உள்நாட்டுப் போர் நடந்தபோது, தெற்கே பின்ட் ஜுபைல் போன்ற ஊர்களின் குடும்பங்கள் பல இப்படித்தான் டியர்பார்ன் வந்து சேர்ந்தன.

கதையின் கசப்பான பாதி இனிமேல்தான். அதே ரூஜ் ஆலையில் ஆயிரக்கணக்கான கறுப்பினத் தொழிலாளர்களும் உழைத்தார்கள். ஆனால் டியர்பார்னில் அவர்களுக்கு வீடு கிடைக்காது. 1942 முதல் 1978 வரை மேயராக இருந்த ஆர்வில் ஹப்பர்ட் இந்தப் பாகுபாட்டை வெளிப்படையாகவே ஆதரித்தவர். ரூஜில் வேலை பார்த்த கறுப்பினத்தவர் பலர் இங்க்ஸ்டர் என்ற ஊரில் குடியிருக்க வேண்டியதாயிற்று. அரபுக் குடும்பங்களையும் நகராட்சி விட்டுவைக்கவில்லை. சவுத் எண்ட் வீடுகளை இடித்துத் தொழிற்பேட்டை ஆக்கப் பார்த்தது. குடியிருந்தவர்கள் நீதிமன்றம் போனார்கள்; 1973இல் நகராட்சிக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. அந்த நகருக்கே 2021இல் அரபு வம்சாவளியைச் சேர்ந்த அப்துல்லா ஹம்மூத் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஆகவே "அவங்க ஆளுங்களோடதான் இருப்பாங்க" என்று லேசாகச் சொல்லிவிடக் கூடாது. வேலை ஒருவனை இழுக்கிறது. முன்னால் போனவன் இடம் கொடுக்கிறான். சட்டம் வாசலைத் திறக்கிறது, மூடுகிறது. மற்ற தெருக்கள் கதவைச் சாத்துகின்றன. நாலும் சேர்ந்துதான் ஒரு பேட்டை உருவாகிறது. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் வந்தது செங்கல் சூளையால். நம் தமிழர்கள் அங்கே பெருகியதில் ரயில்வே வேலைக்குப் பெரும்பங்கு.

நாமும் விதிவிலக்கு இல்லை. ஓசூரில் வேலை கிடைத்து நான் போய் இறங்கியபோது, எனக்கு இரண்டு வருடம் மூத்த அண்ணன் ஒருவர் தன் அறையில் பாய் போட இடம் கொடுத்தார். எங்கள் செட்டில் 5 பேர் அந்த ஒரே தெருவில் சேர்ந்தது அப்படித்தான். அதில் ஒருவனுக்கு மட்டும் தனி வீடு கடைசிவரை அமையவில்லை. பெயரைக் கேட்பார்கள், அப்புறம் "சொந்தக்காரங்க வர்றாங்க" என்பார்கள்.

தம்பி, தங்கைகளே! இந்த மலரின் கடைசிப் பக்கங்களில் நம் முன்னாள் மாணவர்களின் முகவரிப் பட்டியல் இருக்கிறது. அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். போகிற ஊரில் அதுதான் உங்கள் அண்ணன் வீடு. அண்ணன்மார்களே, அக்காமார்களே! முகவரி மாறியிருந்தால் சங்கத்துக்குத் தெரிவியுங்கள். தெரிந்த முகம் யாருமில்லாமல், வீட்டின் முதல் பட்டதாரியாக வந்து நிற்கும் பிள்ளை கதவைத் தட்டினால், நம் செட்டா, நம் ஊரா என்று பார்க்காமல் திறந்துவிடுங்கள்.